புதுப் பீப்பாய்க்கு எந்த பீர்?

தம்பி, பீப்பாயை வாங்கிவிட்டாய். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால், ஓக் துண்டுகளைப் பீரில் ஊறப்போட்டாலே போதும், காசை மிச்சப்படுத்து என்றிருப்பேன். போகட்டும். 20 லிட்டர், அமெரிக்க ஓக், உள்ளே மீடியம் டோஸ்ட், இதுவரை எதுவும் ஊற்றாத புதுசு என்கிறாய். கூடவே, "ஐபிஏ ஊற்றலாமா அக்கா?" என்று ஒரு கேள்வி. ஊற்றாதே. ஏன் என்று சொல்கிறேன். என்ன ஊற்றலாம், எதற்குப் பின் எது என்றும் சொல்கிறேன். அந்த வரிசைதான் இதில் முக்கால்வாசி விஷயம். புதுப் பீப்பாய் கையில் இருப்பவர் ஒரு பீரை மட்டும் யோசித்தால் பத்தாது, அடுத்தடுத்து நாலு பீரை யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பீரெல்லாம் மரப் பீப்பாயில்தானே இருந்தது என்பாய். இருந்தது, ஆனால் மரத்தின் ருசி பீரில் ஏறிவிடக் கூடாது என்பதில் பீர் காய்ச்சியவர்கள் கறாராக இருந்தார்கள். இங்கிலாந்து ஆலைகள் பால்டிக் கடலோர மெமல் துறைமுகத்திலிருந்து வந்த ஓக்கைத் தேடி வாங்கின. அது ருசியைக் கொடுக்காத மரம். அமெரிக்க ஓக் பீரைக் கெடுக்கிறது என்று ஒதுக்கியவர்களும் அவர்களே. செக் நாட்டுப் பில்சன் நகரத்தில் பீப்பாய்க்குள் கீல் பூசிவிடுவார்கள், பீர் மரத்தைத் தொடவே தொடாது. நம் சிங்கப்பூர் டைகர் பீர் 1932-இல் வந்தது. அதுவும் பில்சன் வழி வந்த லேகர்தான். வெளிர்நிறம், மெல்லிய உடம்பு, 5 சதவீத ஆல்கஹால். அந்த ஜாதி பீரைப் புது ஓக்கில் ஒரு வாரம் விட்டால் பலகையை நக்கின மாதிரி இருக்கும்.

ஓக்கின் ருசி வேண்டும் என்று பீரை ஊறவைக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1990-களில் பரவியது. போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு தடவையும் உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாய் வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் போன்ற ஆலைகள் அதில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊற்றிப் பெயர் வாங்கின. நீ படிக்கிற குறிப்புகளில் "ஒன்பது மாதம், ஒரு வருடம்" என்று இருப்பதெல்லாம் அந்தப் பழைய, 200 லிட்டர் பீப்பாய்க்குச் சொன்னது. விஸ்கி அதன் காரத்தையும் துவர்ப்பையும் ஏற்கெனவே உறிஞ்சிவிட்டிருக்கும். உன்னுடையதில் எல்லாம் அப்படியே இருக்கிறது: வெண்ணிலா, அமெரிக்க ஓக்குக்கே உரிய தேங்காய் வாசனை, கொஞ்சம் கிராம்பு, மேலே துவர்ப்பு.

அளவும் உனக்கு எதிராக இருக்கிறது. பீப்பாய் சிறுத்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் படுகிற மரப்பரப்பு கூடும். 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால் உன் 20 லிட்டரில் இரண்டு மடங்குக்கும் மேல். 5 லிட்டர் பீப்பாய் வாங்கியிருந்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதற்கு மேல் நம் ஊர் வெப்பம். பெங்களூரு அம்ருத் 2004-இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது நினைவிருக்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால் பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. அதனால்தான் அங்கே நாலைந்து வருடத்திலேயே விஸ்கி பக்குவப்பட்டுவிடுகிறது. சிங்கப்பூர் அதைவிடச் சூடு, இராத்திரியும் குளிராது. ஈரம் மிகுந்த காற்றில் தண்ணீரைவிட ஆல்கஹால்தான் வேகமாக வெளியேறும். ஆக, உன் பீப்பாய்க்குக் கணக்கு மாதத்தில் இல்லை, நாளில்.

இதையெல்லாம் தாங்கக்கூடிய பீர் எது? உடம்பு கனமானது, இனிப்பு கொஞ்சம் மிஞ்சியது, ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல், ஹாப்ஸ் வாசனையை நம்பாதது. ஐபிஏ-வின் உயிரே ஹாப்ஸ் வாசனைதான். மரத்தின் வழியே கசிகிற காற்றில் முதலில் சாவதும் அதுதான். வாசனை போனபின் மிஞ்சுகிற கசப்பும் ஓக்கின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு சுருண்டுவிடும். கோதுமை பீரும் வேண்டாம். புகை மால்ட் பீரும் முதல் ஊற்றுக்கு வேண்டாம், டோஸ்ட் பண்ணின மரத்தில் ஏற்கெனவே புகை இருக்கிறது.

முதல் ஊற்றுக்கு இம்பீரியல் ஸ்டவுட். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வறுத்த மால்ட்டின் கருப்புக் காப்பி ருசி ஓக்கோடு சண்டை போடாது, வெண்ணிலாவையும் தேங்காயையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். தொடக்க கிராவிட்டி 1.100-ஐ ஒட்டி இருக்கட்டும். முடியும்போது 1.025-க்குக் கீழே போக விடாதே. அதற்கு மாவைச் சற்றுச் சூடாக, 68 டிகிரியில் ஊறவை. அப்போது ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும், துவர்ப்புக்கு அதுதான் மெத்தை. வழக்கமாக 70, 80 ஐபியூ கசப்பு வைப்பார்கள். நீ 45 அல்லது 50-இல் நிறுத்து. மீதியைப் பீப்பாய் பார்த்துக்கொள்ளும். எந்த ருசியை நோக்கிப் போகிறாய் என்று தெரிய வேண்டுமானால் இலங்கையின் லயன் ஸ்டவுட் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பார். நுவரெலியாவில் 1881-இல் தொடங்கிய ஆலையின் வாரிசு அது. 8.8 சதவீதம், மரத்தையே தொடாதது. அந்தக் கனம் உன் பீரில் இருந்தால் புது ஓக்கைத் தாங்கும்.

இரண்டாவது ஊற்றுக்கு ஸ்காட்லாந்து வகை வீ ஹெவி, அல்லது இங்கிலீஷ் பார்லி ஒயின். இரண்டும் மால்ட்டை நம்பி நிற்பவை, ஹாப்ஸ் அடக்கம். ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு கதை உண்டு. வில்லியம் கிராண்ட் விஸ்கி நிறுவனம் தன் பீப்பாய்களுக்குப் பீர் வாசனை ஏற்ற விரும்பி, மால்ட் கனமான பீரைக் காய்ச்சித் தரச் சொன்னது. சில வாரம் பீப்பாயில் இருந்த அந்தப் பீரைக் கொட்டிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ருசி பார்த்தவர்கள் விடவில்லை. 2003-இல் அதுவே இன்னிஸ் அண்ட் கன் என்ற பீராகச் சந்தைக்கு வந்தது. கொட்ட இருந்த பீரைக் காப்பாற்றியது அதன் மால்ட் கனம்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது ஊற்றுக்குள் பீப்பாய் சாதுவாகியிருக்கும். அப்போது 6, 7 சதவீதப் போர்ட்டர் போடலாம், பெல்ஜிய டபல் போடலாம். டபலை முதலில் ஏன் சொல்லவில்லை என்றால், பெல்ஜிய ஈஸ்ட்டே கிராம்பு வாசனை தரும். புது ஓக்கும் அதையே தரும். இரண்டும் சேர்ந்தால் பீர் குடிக்கிற உணர்வு போய் பல் டாக்டரிடம் போன உணர்வு வரும்.

நாலாவதிலிருந்து பீப்பாயில் ருசி அதிகம் மிச்சமிருக்காது. அதைப் புளிப்புப் பீருக்குக் கொடுத்துவிடு. பெல்ஜியத்தின் ரோசலாரே நகரில் ரோடன்பாக் ஆலை இப்படித்தான் ஏறக்குறைய 300 பெரிய ஓக் தொட்டிகளை வைத்துச் சிவப்புப் பீரை இரண்டு வருடம் வரை புளிக்கவைக்கிறது. அவர்களுக்கு மரம் ருசிக்காக இல்லை, நுண்ணுயிர்கள் குடியிருக்கவும் காற்று மெல்ல நுழையவும்தான். ஆனால் அவற்றில் ஒன்றான பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் ஒரு தடவை மரத்துக்குள் புகுந்தால் என்ன கழுவினாலும் போகாது. அதன்பின் அந்தப் பீப்பாய் ஆயுசுக்கும் புளிப்புப் பீப்பாய்தான். குழாய், மூடி எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்.

இனி அளவு. வீட்டில் பீர் காய்ச்ச சிங்கப்பூர் சுங்கத்துறையிடம் உரிமம் வாங்க வேண்டியதில்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. 18 வயதாகியிருக்க வேண்டும், குடியிருக்கிற வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான். ஆளுக்கு 30 இல்லை, வீட்டுக்கு 30. உன் மனைவி சைடர் போடுகிறாள் என்றால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இந்த 30 லிட்டரும் முன்னே சொன்ன நாள் கணக்கும் சேர்ந்து ஒரு சிக்கலைக் கொண்டுவருகின்றன, கவனி. முதல் ஊற்று உன் பீப்பாயில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. வெளியே எடுத்த அன்றே அடுத்த பீர் உள்ளே போக வேண்டும். ஈரப் பீப்பாயைச் சும்மா விட்டால் இந்த ஊர்க் காற்றில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். ஆனால் பார்லி ஒயின் மாதிரி கனமான பீர் புளித்து அடங்க ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். அதனால் முதல் மாதம் ஸ்டவுட், அடுத்த மாதம் வீ ஹெவி, இரண்டும் வாளிகளில் புளித்து முடிந்தபின்தான் பீப்பாயை நனைக்கவே வேண்டும். ஆர்வக் கோளாறில் முதல் பீர் ரெடியானதும் ஊற்றிவிடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்டவுட் 30 லிட்டரையும் காய்ச்சு. 20 பீப்பாய்க்குள் போகட்டும். நாலு லிட்டரைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் வாய் நிறைய ஊற்றிக் குளிர்பெட்டியில் வை. ஆவியாகிற அளவுக்கு மேலே ஊற்றி நிரப்ப அது வேண்டும். அடிமண்டி போக மிச்சத்தை மரம் தொடாத பீராகவே வைத்திரு. ஓக் ஏறிவிட்டால் கலக்க அதுதான் கை கொடுக்கும். இந்தக் கிராவிட்டியில் 30 லிட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ மால்ட் ஆகும். எச்டிபி அடுப்பில் ஒரே தடவையில் முடியாது. இரண்டு தடவையாகக் காய்ச்சு, அல்லது நாலில் ஒரு பங்கை மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டாகப் போடு. காய்ச்சும்போது நடைபாதை முழுக்க வாசம் வரும், எதிர்வீட்டுக்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லி வை. மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று.

தண்ணீர் விஷயம். பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் சேர்க்கிறது. குளோரின் மாதிரி கொதித்தவுடன் ஓடிவிடாது. பீரில் மருந்து நெடி வரும். காம்ப்டன் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்குப் போதும், நீ கால் மாத்திரை, அரை மாத்திரையாக நொறுக்கிப் போட்டுக்கொள். பீப்பாய் கழுவுகிற தண்ணீருக்கும் இதைச் செய். பிளீச், சோப்பு இரண்டும் பீப்பாய் பக்கமே வரக் கூடாது. குளோரின் மரத்தில் ஊறினால் ஈரச் சாக்கு நாற்றம் பிடிக்கும், பிறகு போகவே போகாது.

ஈஸ்ட்டுக்கு 18 டிகிரி வேண்டும், உன் வீட்டில் 30. கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய பழைய குளிர்பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட்டை எடு. 35 டிகிரியிலும் கோணாமல் வேலை செய்யும், நம் ஊருக்கென்றே பிறந்தது. வாஸ் வகையில் ஆரஞ்சு வாசனை கொஞ்சம் வரும், ஸ்டவுட்டில் அது குற்றமில்லை. பால்டிக் போர்ட்டர், டாப்பல்பாக் இரண்டும் ஓக்குக்கு அருமையான பீர்கள்தான், ஆனால் லேகர் ஈஸ்ட்டுக்கு 10, 12 டிகிரி வேண்டும். குளிர்பெட்டி இல்லாமல் அந்த ஆசை வேண்டாம்.

பீப்பாயை நனைப்பது சுலபம். கொதிக்கக் கொதிக்க இல்லாமல், 80 டிகிரி வெந்நீரை ஐந்தில் ஒரு பங்கு ஊற்றி உருட்டு. இரண்டு பக்கமும் தலைகீழாகக் கொஞ்ச நேரம் நிறுத்து. பிறகு குளிர்நீரை முழுக்க நிரப்பி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். முதலில் ஒழுகும், பயப்படாதே. மரம் ஊதினால் நின்றுவிடும். பிடிவாதமாகக் கசிகிற இடத்துக்குப் பீப்பாய் மெழுகு. அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது தேநீர் நிறத்தில் இருக்கும், பச்சைத் துவர்ப்பில் ஒரு பகுதி அதோடு போனது என்று எடுத்துக்கொள். இன்னும் மென்மையாக்க வேண்டுமென்றால் ஒரு பாட்டில் தென்னஞ்சாராயத்தை ஊற்றித் தினம் உருட்டி, இரண்டு வாரம் வைத்துவிட்டு எடு. இலங்கையில் அந்தச் சாராயத்தைப் பக்குவப்படுத்துவது ஹல்மில்ல மரத் தொட்டிகளில், ஓக்கோடு அது நன்றாகவே ஒட்டுகிறது. ஜோகூருக்குப் போய் வாங்கி வந்தால் வரிவிலக்கு கிடைக்கும் என்று நினைக்காதே. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவில் அந்தச் சலுகை கிடையாது.

எங்கே வைப்பது? பாம் ஷெல்டரில். சன்னல் இல்லை, வெயில் இல்லை, வெப்பம் ஒரே சீராக இருக்கும். படுக்கையறை வேண்டாம். இராத்திரி ஏர்கான் ஓடிப் பகலில் நின்றால், சூட்டில் பீர் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று வந்தால் வினிகர் கிருமியும் கூடவே வரும். அடியில் ஒரு தட்டு வை, கசிந்தால் தரை கெடாது.

ருசி பார்க்கிறேன் என்று மூடியைத் தினம் திறக்காதே. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலைக்காரர் வின்னி சிலுர்சோ பெயரால் ஒரு ஆணி வித்தை இருக்கிறது. பீப்பாயின் முகப்பலகையில், நிரப்புவதற்கு முன்பே, 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு துளை போட்டு எவர்சில்வர் ஆணியால் அடைத்துவிடு. பார்க்க வேண்டும்போது ஆணியை உருவினால் நூல் மாதிரி பீர் வரும், அரை கிளாஸ் பிடித்துக்கொண்டு திரும்பச் செருகிவிடலாம். ஆறாவது, ஏழாவது நாளிலிருந்து பார்க்கத் தொடங்கு. வெண்ணிலாவும் தேங்காயும் முன்னே வரும், துவர்ப்பு பின்னால் வந்து ஈறைப் பிடிக்கும். எப்போது எடுப்பது என்றால், "இன்னும் கொஞ்சம் ஏறலாமே" என்று தோன்றும்போதே இல்லை, அதைத் தாண்டி "கொஞ்சம் ஏறிவிட்டதோ" என்று தோன்றும்போது. பாட்டிலில் சில மாதம் இருந்தால் துவர்ப்பு தணியும், ஓக்கும் ஒரு படி இறங்கும். இரண்டாவது ஊற்றுக்கு ஆறேழு வாரம், மூன்றாவதுக்கு மூன்று மாதம் வரைகூடப் போகலாம். நாக்குத்தான் கணக்கு, காலண்டர் இல்லை.

தேக்காவுக்குப் போனால் உன் கை சும்மா இருக்காது, ஏலக்காயும் பட்டையும் கிராம்பும் வாங்கிப் பீரில் போடத் தோன்றும். முதல் இரண்டு ஊற்றுக்கும் எதுவும் வேண்டாம். பீப்பாயே தேங்காயும் கிராம்பும் வெண்ணிலாவும் கொண்டு வந்திருக்கிறது, அது என்ன கொடுக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். மூன்றாவது போர்ட்டரில் பனங்கருப்பட்டியோ குலா மலாக்காவோ சேர். மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்குக்குள் வை, மீறினால் உடம்பு மெலிந்து பீர் வறண்டுவிடும். காப்பி போட ஆசையென்றால் பீப்பாயிலிருந்து எடுத்த பிறகு போடு, காப்பி வாசனை மரத்தில் தங்கி அடுத்த பீருக்கும் வரும்.

ஊருக்குப் போகிறாய், பீப்பாய் காலியாக நிற்கப் போகிறது என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் என்று கரைத்து முழுக்க நிரப்பிவிட்டுப் போ. கரைக்கும்போது சன்னலைத் திறந்து வை, நெடி மூச்சை அடைக்கும். திரும்பி வந்து நன்றாக அலசிவிட்டு அடுத்ததை ஊற்றலாம்.

பாட்டிலில் அடைக்கும்போது புது ஈஸ்ட் ஒரு சிட்டிகை சேர். 10 சதவீத ஆல்கஹாலில் இவ்வளவு நாள் இருந்த பழைய ஈஸ்ட் களைத்துப் போயிருக்கும். லிட்டருக்கு 4, 5 கிராம் சர்க்கரை போதும். கிராவிட்டி அசையாமல் நிற்கிறதா என்று சில நாள் விட்டு இரண்டு தடவை அளந்துவிட்டு அடை, இல்லையென்றால் இந்தச் சூட்டில் பாட்டில் வெடிக்கும். பெரிய பாட்டில் வேண்டாம், 330 மில்லியில் அடை. 10 சதவீதத்தில் அந்தச் சின்ன பாட்டில் ஒன்று இரண்டு டைகருக்குச் சமம். நண்பர்களுக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடு. வாய்ட் டெக்கில் உட்கார்ந்து திறக்கிற வேலையெல்லாம் இரவு 10.30-க்கு மேல் வைத்துக்கொள்ளாதே, காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பது 2015 முதல் சட்டப்படி குற்றம். தேக்கா பக்கம் என்றால் வார இறுதி முழுக்கவே கூடாது.

ஒவ்வொரு மூடியிலும் தேதியையும் எத்தனையாவது ஊற்று என்பதையும் எழுதி வை. முதல் ஊற்று ஸ்டவுட்டில் ஆறு பாட்டில் எனக்கு. மாமா கேட்டால் நாலு என்று சொல்.